தன்குறிப்பா? தற்குறிச் சீட்டா?

திருப்பூர் இராயபுரத்தில் பின்னலாடைப் பணிமனைகளுக்கு வேலை தேடிச் செல்லும் இளைஞன் கையில் ஒரு தாள் இருக்கின்றது. அதனைப் 'பயோடேட்டா' என்பர். தன்குறிப்பு என்பதே தமிழ். வேறு யாருக்கோ அடித்த ஆங்கிலத் தாளில், கணிப்பொறிக் கடையார் பெயரையும் பிறந்த நாளையும் மட்டும் மாற்றித் தந்தது அது. 'அறைகூவல் மிக்க சூழலில் உழைத்து நிறுவனத்தை உயர்த்துவதே என் குறிக்கோள்' என்னும் பொருளில் அதன் முதல் வரி முழங்குகின்றது. பொருள் யாதெனக் கேட்டால் கொண்டுவந்தவன் விழிக்கின்றான். தன்னைப் பற்றிய தாளையே படித்துணர இயலாதவன் தற்குறியல்லனோ? எழுத்தறிந்த தமிழனைத் தற்குறியாக்கியது எது? ஆங்கிலத்தில் இருந்தாலன்றி மதிப்பில்லை என்னும் அடிமை மயக்கமே!

அத்தாளில் எல்லாம் உண்டு. அவன் தொழில் மட்டும் இல்லை. 'ஓவர்லாக்', 'பேட்லாக்' இரண்டிலும் தைப்பானா? எத்தனை ஆண்டுப் பட்டறிவு? துணி விரித்து அளவு பிறழாமல் வெட்டுவானா? தைத்த ஆடையில் குறை கண்டறிவானா? வேலை தருவோர் அறிய வேண்டுவன இவையே.

வெளிநாட்டு வாங்குநர்க்கு மடல் எழுதும் பணிக்கு ஆங்கிலம் வேண்டும், அதனை மறுப்பாரில்லை. தைப்பவனும் தமிழன், அவனைத் தேர்பவரும் தமிழர், வினாவும் விடையும் தமிழ் என்றிருக்க, இடையில் நிற்கும் தாளுக்கு மட்டும் ஆங்கிலம் எதற்கு?

தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் வந்தது. தமிழ்வழிக் கற்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காட்டு முன்னுரிமை 2010-இல் சட்டமாயிற்று. அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித்தாளைக் கட்டாயமாக்கும் ஆணை 2021-இல் பிறந்தது. ஆயினும் இவையெல்லாம் அரசு அலுவலக வாயிலோடு நின்றுவிட்டன. பணிமனை வாயிலில் தமிழை நிறுத்த வேண்டியவர் தமிழரே!

அதற்கு வழி எளிது. ஒரே பக்கம் போதும். மேலே பெயர், முகவரி, பேசி எண். அதன்கீழ் வேண்டும் வேலை இன்னதென ஒரே வரி. அடுத்து, இயக்கத் தெரிந்த பொறிகளும் செய்யத் தெரிந்த வேலைகளும். பின்னர்ப் பணியாற்றிய இடங்கள், அண்மையது முதலாக, ஆண்டுக் கணக்குடன். இறுதியில் கல்வி. குலமும் சமயமும் வேண்டா. தைக்கும் கைக்கு அவை தகுதியாகா. பொய்யும் வேண்டா, பொறிமுன் அமர்ந்த அளவிலே அது வெளுத்துவிடும். செல்லும் வேலைக்கேற்ப ஒவ்வொரு முறையும் திருத்தி எழுதுதல் வேண்டும்.

முதலாளிகளே, தமிழ்த் தாளை ஒதுக்காதீர்! அதில்தான் தொழிலாளியின் உண்மைத் திறன் தெரியும். இளைஞனே, உன் திறத்தை உன் மொழியில் நீயே எழுது! இரவல் தாளில் இரந்து நில்லாதே. தன்குறிப்போடு தலைநிமிர்ந்து செல்!