அணைக்கரைப் பாதையில் நம் பிள்ளைகள் ஓடட்டும்

மலை நாட்டில் சமதரை ஓர் அரிய பண்டம். மூணாறு, தேவிகுளம் பகுதிகளில் லயங்களில் வாழ்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாசலில் இறங்கினால் சரிவு. கொல்லையில் ஏறினால் தேயிலை. பிள்ளைகள் பந்து விளையாடினால், விளையாடும் நேரத்தைவிட உருண்டு போன பந்தைத் தேடும் நேரமே அதிகம். இப்படிப்பட்ட நாட்டில் அணை கட்டிய எஞ்சினியர்கள், தாங்கள் நினையாமலே ஓர் உபகாரம் செய்திருக்கிறார்கள். தேங்கிய தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதன் ஓரத்தை ஒட்டிப் போகும் பாதையும் பெரிய ஏற்ற இறக்கமின்றி, மலையின் மடிப்புகளில் வளைந்து வளைந்து செல்லும். ஓடப் பழகுகிற காலுக்கு இதைவிட நல்ல தரை மலையில் கிடைக்காது.

இடுக்கியில் மாட்டுப்பட்டி, குண்டளை, ஆனையிறங்கல். பாலக்காட்டில் மலம்புழை, வாளையாறு, மீன்கரை, சுள்ளியாறு, போத்துண்டி. தமிழர்கள் தலைமுறையாக வாழும் ஊர்களுக்கும், பிழைப்புக்கு வந்து தங்கியிருக்கும் ஊர்களுக்கும் எட்டும் தூரத்தில்தான் இவை உள்ளன. கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு வாளையாறும் மலம்புழையும் பக்கத்து ஊர்கள். மலம்புழை அணையை 1955 அக்டோபரில் திறந்து வைத்தவர் அன்றைய சென்னை ராஜ்ய முதலமைச்சர் காமராஜ். பாலக்காடு அப்போது மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதிதான் கேரள மாநிலம் பிறந்தது. பழைய எல்லைக் கணக்கைக் கிளற இதைச் சொல்லவில்லை. அந்தக் கரையில் நடக்க நம்மவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை என்பதற்காகவே சொல்கிறேன்.

குண்டளைப் பள்ளத்தாக்கின் கதை இன்னும் சுவையானது. அணைகள் எழும்பும் முன்பே அங்கே ரயில் ஓடியது என்றால் இன்றைய இளைஞர்கள் எளிதில் நம்ப மாட்டார்கள். 1902-இல் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டி. 1908 முதல் எஞ்சின் இழுத்த சிறு ரயில். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகள் அதில் போயின. அங்கிருந்து கம்பிக் கயிற்றில் தொங்கிக் கோட்டக்குடிக்கு இறங்கின; பிறகு போடி. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்தத் தண்டவாளத்தை வாரிக்கொண்டு போய்விட்டது. எஞ்சின் இழுத்து ஏறிய வழி என்றால் ஏற்றம் சாந்தமாகத்தான் இருந்திருக்க வேண்டும். தேயிலை இறங்கிய அதே போடியிலிருந்து, குரங்கணி வழியாக எதிர்த்திசையில் மலையேறி, மூட்டை முடிச்சோடு நடந்தே வந்தவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார். அவர்களுக்கு அது ஓட்டப் பாதையும் அல்ல, உல்லாசப் பாதையும் அல்ல.

இப்போது அதே மலையில் மாரத்தான் நடக்கிறது. வெளியூர்களிலிருந்து வருகிறவர்கள் கட்டணம் செலுத்தி, மார்பில் எண் குத்திக்கொண்டு, விலை உயர்ந்த சப்பாத்துகளுடன் தேயிலைக்கு நடுவே ஓடுகிறார்கள். இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஊருக்கு நாலு காசு வருகிறது. ஆனால் மறுநாள் காலை அந்த எண்களெல்லாம் பஸ் ஏறிப் போன பிறகு, அதே தடத்தில் லயத்துப் பெண் பிள்ளை ஒருத்தி ஓட ஆரம்பித்தால் என்ன நடக்கும்? எஸ்டேட் வாட்ச்மேன் ஒருவர் நிறுத்துவார்; அவர் விட்டாலும் ஜீப்பில் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள்; வீட்டில் அம்மா, யானை வரும் என்று கூப்பிட்டுக்கொள்வாள். அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஓட்டத்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்கள் ராஜாக்காட்டுப் பக்கம் முல்லக்கானத்தில் போய் விசாரிக்கலாம். அந்த ஊர்ப் பெண் பிரீஜா ஸ்ரீதரன் 2010-இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வாங்கினார். எடுத்துக்கொண்ட நேரம் 31 நிமிடம் 50.47 விநாடி. இடுக்கியைச் சேர்ந்த கே.எம். பீனாமோள் 2002-இல் பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் தங்கம் பெற்றவர். அதே போட்டியில் ஆண்கள் 800 மீட்டரில் வெள்ளி வாங்கியவர் அவருடைய தம்பி பினு. பாலக்காட்டுப் பக்கம் முண்டூரைச் சேர்ந்த பி.யு. சித்ரா ஒரு விவசாயக் கூலித் தொழிலாளியின் மகள். 2017-இல் புவனேசுவரத்திலும், 2019-இல் தோஹாவிலும் ஆசியத் தடகளப் போட்டியில் 1,500 மீட்டர் தங்கம் அவருக்கே. மாநிலப் பள்ளித் தடகளத்தில் 2022-லும் 2023-லும் ஒட்டுமொத்தப் பட்டம் பாலக்காட்டுக்குத்தான் போயிற்று. முண்டூர், பறளி, குமரம்புத்தூர் ஆகிய சிற்றூர்களின் பள்ளிக்கூடங்கள் தேடித் தந்த பெருமை அது. மண்ணும் மலையும் ஒன்றுதான்; காற்றும் ஒன்றுதான். அந்தப் பட்டியலில் எஸ்டேட்டுத் தமிழ்ப் பள்ளிகளின் பெயரை நான் தேடிப் பார்க்கிறேன்.

உயரமும் நமக்குச் சாதகம். பிராணவாயு குறைந்த இடத்தில் பழகிய உடம்பு ரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்ளும் என்பது விஞ்ஞானம். கென்யா நாட்டில் உலக வீரர்களை உருவாக்கும் இட்டென் என்ற ஊர் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வீரர்கள் தினமும் ஓடுவது செம்மண் பாதையில். மூணாறு அந்த உயரத்தை எட்டாது. ஆனாலும் 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அதனால்தான் அரசாங்கம் அங்கே உயர்நிலைப் பயிற்சி மையம் ஒன்றை வைத்தது. மையம் இருந்தால் நல்லதுதான். ஆனால் மையத்துக்குள் போகும் முன்பு ஒரு குழந்தை ஓடிப் பார்க்க வேண்டுமே, அதற்கு இடம் எது?

இனி யானை விஷயம். 2022 ஜூலையில் பாலக்காடு அருகே தோணிப் பகுதியில் காலை நடைக்குப் புறப்பட்ட ஒருவரைக் காட்டு யானை கொன்றது. பி.டி. 7 என்று பெயர் வைத்து, 2023 ஜனவரியில் அந்த யானையைப் பிடித்தார்கள். சின்னக்கானல் மக்களை வருடக்கணக்கில் கலங்கடித்த அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மே மாதக் கடைசியில் கம்பம் நகரத் தெருக்களில் ஓடியதை எல்லாரும் பார்த்தோம். ஆனையிறங்கல் என்று ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் காரணம் இல்லாமல் வைக்கவில்லை. ஆகவே விடியும் முன் இருட்டில் ஓட வேண்டாம். பனி மூடியிருந்தால் ஓடவே வேண்டாம்.

ஆனால் யானை இருக்கிறது என்பதற்காகக் கதவைச் சாத்துவதோடு முடித்துக்கொள்வது சோம்பேறித்தனம். பக்கத்து மலையான வால்பாறையைப் பாருங்கள். அங்கும் தேயிலை, அங்கும் யானை, அங்கும் லயம். யானை நிற்கும் இடத்தை மாலையிலேயே கைபேசிச் செய்தியாக ஜனங்களுக்கு அனுப்புகிறார்கள். முக்கிய இடங்களில் சிவப்பு விளக்கு எரிய வைத்து எச்சரிக்கிறார்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற ஆராய்ச்சி நிறுவனம் வன இலாகாவோடு சேர்ந்து செய்த ஏற்பாடு இது. கொழுந்து எடுக்கப் போகிறவர்களின் உயிரைக் காக்கிற விளக்கு, ஓடப் போகிற பிள்ளையையும் காக்கும். ஓட்டப் பாதை வந்தால் எச்சரிக்கை விளக்கும் வரும் என்றால், ஓடாதவர்களுக்கும் லாபம்தானே.

காட்டுக்குள்ளே பாதை கேட்பவன் நான் அல்ல. 2018 மார்ச் 11-ஆம் தேதியை நாம் மறக்கலாகாது. சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்து மலையேற வந்தவர்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும்போது, காய்ந்த புல்லில் பற்றிய தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உதவிக்கு முதலில் ஓடியவர்கள் அந்த மலை ஜனங்கள்தான். 2022 பிப்ரவரியில் மலம்புழை அருகே சேராடு மலையில் ஏறிய உள்ளூர் இளைஞர் ஒருவர் பாறை இடுக்கில் இரண்டு நாள் சிக்கிக்கொண்டார். ராணுவம் வந்து கயிறு கட்டி மீட்டது. நல்ல பாதை ஒன்றும் காட்டாமல் விட்டால் இளவட்டங்கள் பாறையைத்தான் தேடிப் போவார்கள். கோடைத் தீக் காலத்தில் மேட்டுக்காட்டை மூடட்டும், சம்மதம். கரைப் பாதையைத் திறக்கட்டும்.

சிக்கல் என்னவென்றால் உரிமை மூன்று பேரிடம் இருக்கிறது. மூணாறுப் பக்கத்தில் தண்ணீர் மின்சார வாரியத்துக்கு, கரை பெரும்பாலும் எஸ்டேட்டுக்கு, அதற்கு மேலே வன இலாகாவுக்கு. மலம்புழையில் நீர்ப்பாசன இலாகா. ஒருவரிடம் போனால் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். இங்கிலாந்திலும் இதே கதைதான். 1932 ஏப்ரல் 24-இல் மான்செஸ்டர்ப் பக்கத்து ஆலைத் தொழிலாளர்கள் முதலிய நானூறு பேர், ஒரு நீர்த்தேக்கத்தின் ஓரமாக நடந்து, பிரபுக்கள் பறவை வேட்டைக்கு வைத்திருந்த கிண்டர் மலைக்குள் புகுந்தார்கள். வாரம் முழுவதும் ஆலைப் புகையில் கிடந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் நடக்க இடம் கேட்டார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949-இல் நாட்டுப்புறத்தில் நடக்கும் உரிமைக்குச் சட்டம் வந்தது. அவர்கள் அத்துமீறினார்கள். நாம் மனு எழுதினால் போதும் என்று நினைக்கிறேன்.

மனு எழுதத் தெரிந்த குமாஸ்தாக்களுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத இடம் தருகிறது. தலைமைச் செயலகத்துக்கும் எழுதலாம். இப்படி ஒரு சட்டம் இருப்பது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. கேட்பதும் பெரிய காரியம் அல்ல. ஒவ்வோர் அணையிலும் 3 கிலோமீட்டர் பாதை. பொழுது விடிந்து இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் ஜீப்புகள் மெதுவாகப் போக வேண்டும் என்ற உத்தரவு. வன இலாகாக் காவலர் முந்தின இரவு தகவல் சொல்லும் ஏற்பாடு. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் தொழிலாளர்களுக்கும் கட்டணம் கிடையாது. நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து சர்க்கரை வியாதியைச் சம்பாதித்திருக்கும் நம் ஆபீஸ் நண்பர்களும் அந்த நேரத்தில் நடக்கலாம். ஓட வேண்டும் என்று யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

ஊராட்சி, எஸ்டேட் நிர்வாகம், மின்சார வாரியம், வன இலாகா என்று நான்கு பிரதி போட வேண்டும். பள்ளித் தலைமையாசிரியரும் தொழிற்சங்கக் காரியதரிசியும் கூடவே கையெழுத்திட்டால் மனுவுக்குக் கனம் சேரும். மழை ஓய்ந்து பாதை காய்கிற டிசம்பருக்குள் அனுமதி கிடைத்துவிட்டால், தூரத்தை அளந்து காட்டக் கல் நடுவதற்குக்கூட டெண்டர் விட வேண்டியதில்லை. ஆறு கிராண்டிஸ் கம்பும் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டும் போதும்.