காளானுக்கு விதை போட்டவர் யார்?

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்ததும், வல்லத்திராக்கோட்டைப் பக்கத்துக் கறையான் புற்றுகளின் ஓரத்தில் வெள்ளைக் குடைகள் விரிந்துவிடுகின்றன. "நேற்று இடி இடித்ததல்லவா? அதனால்தான் காளான் பூத்திருக்கிறது" என்பார்கள் பெரியவர்கள். நம் வகுப்புப் பிள்ளை ஒருவனுக்கு இந்தச் சமாதானம் போதவில்லை. "ஸார், அவரைக்கு நாம் விதை போடுகிறோம், காளானுக்கு விதை போட்டவர் யார்?" என்று கேட்டான். நேயர்களுக்கும் இதே சந்தேகம் தோன்றியிருக்கலாம்.

விடையைக் கண்ணாலேயே காணலாம். விரிந்த காளான் ஒன்றின் காம்பை நறுக்கிவிட்டுக் குடையை மட்டும் கறுப்புக் காகிதத்தின் மீது வைத்து, ஒரு தம்ளரால் மூடிவிடுங்கள். மறுநாட் காலையில் குடையை எடுத்தால், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல மெல்லிய தூள் படிந்திருக்கும். குடையின் அடியிலுள்ள மடிப்புகளிலிருந்து உதிர்ந்த தூள் அது. (இன்னதென்று தெரியாத காளானைச் சமையலுக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம், தொட்ட கையைக் கழுவிவிடுங்கள்.)

அத்தூளின் ஒவ்வொரு துகளும் 'ஸ்போர்' என்னும் நுண்வித்து. அவரை விதைக்குத் தாய்ச்செடி கட்டுச்சோறு கட்டி அனுப்புகிறது. ஸ்போருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதன் பலமெல்லாம் இலேசான உடலும் கோடிக்கணக்கான எண்ணிக்கையுமே. ஈரமும் இரையும் வாய்த்த இடத்தில் விழுந்தால் அது நூலிழையாக நீள்கிறது. இழையோடு இழை கூடி வலையாகப் பரவுகிறது. நாம் பறிக்கும் காளான் அந்த வலையின் கனி மாத்திரமே. புற்றுக் காளானின் ஸ்போரையோ, கறையான்கள் இரையோடு உள்ளே கொண்டுபோய்த் தோட்டமே போட்டு வளர்க்கின்றன!

கோடியில் ஒன்று பிழைத்தாலும் போதும் என்பதே ஸ்போரின் கணக்கு. அதில் பல பிழைத்துவிட்டால் என்ன ஆகும்? சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், புதுக்கோட்டை, தஞ்சை, திருச்சி, மதுரைச் சீமைகளிலிருந்து ஏழை ஜனங்கள் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனார்கள். மலை மலையாகக் காப்பி ஒன்றே பயிராயிற்று. 1869-ல் இலைகளின் அடியில் மஞ்சள் நிறப் பொடி தோன்றியது. அதுவும் ஒரு பூஞ்சணத்தின் ஸ்போரே. 1880-ல் அங்கு வந்த மார்ஷல் வார்டு என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, பசைப்பொருள் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்தார். காற்றில் வந்த ஸ்போர்கள் அவற்றில் ஒட்டிக்கொண்டன. பனியும் மழையும் நனைத்த இலையில் அவை முளைத்து, இலையின் நுண்துளை வழியே உள்ளே நுழைவதையும் அவர் விளக்கினார். இடையில் வேறு மரமின்றி ஒரே பயிரை நட்டதே நோய்க்கு ராஜபாட்டை ஆயிற்று என்பது அவர் கண்ட உண்மை.

அதற்குள் காலம் கடந்துவிட்டது. காப்பி அழிந்தது; தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. துரைமார் நஷ்டக் கணக்கு எழுதினார்கள்; நம்மவர்களோ கூலிப் பாக்கிக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

பிள்ளையிடம் இப்படித்தான் சொன்னோம்: "காளானுக்கு விதை போட்டவை காற்றும் கறையானும், காப்பி நோய்க்கும் விதை தூவியது காற்றுதான். ஆனால் அதற்கு நிலத்தைப் பண்படுத்திக் கொடுத்தவன் மனிதன்." தோட்டம் போடும் நேயர்கள் பல பயிரைக் கலந்து போடுவார்களாக.