தாத்தா போட்ட கையெழுத்து!

1954 நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் சட்டப்படி சேர்ந்தது 1962 ஆகஸ்டு 16-ந் தேதிதான். அங்கே பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் அன்று இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்பியவர்கள் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அண்ணன் எழுதிக் கொடுத்து, தம்பி சும்மா இருந்தால் ஒரே வீட்டில் இரண்டு நாடு! 18 வயது ஆகாத, மணமாகாத பிள்ளைகளுக்கோ தகப்பன் எழுத்தே தலையெழுத்து. பிள்ளைகளை யார் கேட்டார்கள்?

இன்று பேரப்பிள்ளைகள் அந்த உரிமையைத் தேடுகிறார்கள். பாகூர் பக்கம் மணப்பட்டில் ஒரு குடும்பம் சேர்ந்து மனுப் போடுவதாக வைத்துக்கொள்வோம். தாத்தா எழுதிக் கொடுத்ததற்குச் சான்று வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பிறப்பு, திருமணப் பதிவுகள் வேண்டும். ஒன்றில் கோவிந்தசாமி, மற்றொன்றில் கோவிந்தன் என்று இருந்தால் வந்தது வினை! மருமகளுக்கு இந்த வழி கிடையாது, வம்சத்துக்குத்தான்.

வயது வந்த ஒவ்வொருவரும் இப்போது தானே முடிவு செய்யலாம். ஆகவே, பெட்டியைத் திறக்குமுன் வீட்டுப் பெண்களையும் உட்காரவைத்துப் பேசுவதே முறை. விளையாட்டுக் காரியம் அல்ல இது. பிரெஞ்சு பாஸ்போர்ட்டையும் இந்தியக் குடியுரிமையையும் சேர்த்து வைத்துக்கொள்ள இந்தியச் சட்டம் இடம் தராது. ஓட்டுரிமை போய்விடும். பிறகு ஊர் திரும்பி, பக்கத்துக் கழனி விலைக்கு வந்தாலும் வாங்க முடியாது.