அறுபதாவது அலகும் டயகமவின் கண்ணாடி அடுப்பும்

மாதம் 60 அலகு மின்சாரம் பாவிக்கும் வீட்டுக்கு, 2025 ஜூன் கட்டணத்தின்படி வரும் பட்டியல் 585 ரூபா. அதே வீடு 61 அலகு பாவித்தால் 1,183 ரூபா ஐம்பது சதம். ஒரே ஓர் அலகு கூடியதற்குப் பட்டியல் இரட்டிப்பாகிறது. அறுபதைத் தாண்டியதும் முதலாவது அலகிலிருந்தே விலை மாறிவிடுவதுதான் காரணம். 4 ரூபா 50 சதத்துக்கும் 8 ரூபாவுக்கும் கிடைத்த அலகுகள் எல்லாம் 12 ரூபா 75 சதமாகின்றன. நிலையான கட்டணம் 210 இலிருந்து 400 ஆகிறது.

கண்ணாடி அடுப்பின் நன்மை தீமையைப் பேச வந்துவிட்டு மின்பட்டியலில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. டயகமவில் அந்த அடுப்பு எத்தனை நாள் எரியும், எப்போது துணி போர்த்தி அலுமாரிக்கு மேல் ஏறும் என்பதை இந்த அறுபதாவது அலகுதான் தீர்மானிக்கிறது.

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக ஏறி வந்தால், பாதை முடிகிற இடத்தில் ஐயாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது டயகம. மேலே ஹோட்டன் சமவெளி. டயகம நாட்டின் தலைப்புச் செய்தியானது 2021 ஜூலையில். கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்ற இந்த ஊர்ச் சிறுமி தீக்காயங்களுடன் இறந்தபோது. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குக் கண்ணாடி அடுப்பு முதலில் அறிமுகமானதே இன்னொருவர் வீட்டுக் குசினியில்தான். இப்போது அது தங்கள் லயத்துக்கும் வந்திருக்கிறது. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் மகன் தீபாவளிக்கு வரும்போது கொண்டுவருகிறான், இல்லாவிட்டால் நகரத்துக் கடையில் தவணைக்கு எடுக்கிறார்கள்.

இந்த அடுப்புகள் பரவலானது சொகுசுக்காக அல்ல. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் அந்த மாதம் 2,675 ஆனது. 2022 ஏப்ரலில் 4,860. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை, வரிசை மட்டும் நீண்டது. இதற்கிடையே 2021 நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் எரிவாயு வெடிப்புச் சம்பவங்கள். புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் மாற்றப்பட்டதா என்ற சர்ச்சை ஒருபுறம். கண்ணாடி மேற்தட்டு எரிவாயு அடுப்புகள் சிதறிக்கிடந்த படங்கள் மறுபுறம். அந்தப் பயத்தில் மின்சாரத்துக்கு மாறியவர்கள் ஏராளம். அப்போது மாதம் 40 அலகு பாவித்த வீட்டுக்குப் பட்டியல் 200 ரூபாவைக்கூட எட்டவில்லை. 2022 ஓகஸ்டில் கட்டணம் ஏறியது. 2023 பெப்ரவரித் திருத்தத்துடன் அதே 40 அலகு 1,820 ரூபா. எரிவாயுக்குப் பயந்து வாங்கிய அடுப்பை மின்கட்டணம் முடக்கிவிட்டது. பிறகு கட்டணம் இறங்கியது, மறுபடி ஏறியது. ஆனால் அடுப்பை மூடி வைத்தவர்களுடைய நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் திரும்பவில்லை.

கடைகளில் "கண்ணாடி அடுப்பு" என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை இரண்டு வேறு சாதனங்கள். இன்பிராரெட் அடுப்பில் கண்ணாடிக்குக் கீழே உள்ள கம்பிச்சுருள் சிவந்து எரியும். தட்டையான அடி உள்ள எந்தப் பாத்திரத்தையும் வைக்கலாம். இன்டக்ஷன் அடுப்பில் கம்பி சிவப்பதில்லை. காந்தப்புலம் பாத்திரத்தின் அடியையே சூடாக்குகிறது. அதனால் காந்தம் ஒட்டுகிற பாத்திரம் மட்டுமே அதில் வேலை செய்யும். அலுமினியப் பானையும் மண்சட்டியும் உதவாது. தோட்டத்து வீடுகளில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம். ஆகவே இன்டக்ஷன் அடுப்பு வாங்குபவர் பாத்திரமும் வாங்கவேண்டும். மின்சாரத்தில் 85 வீதமளவை அது சமையலுக்குக் கொடுக்கிறது, இன்பிராரெட் 70 முதல் 75 வீதம். எரிவாயு அடுப்பில் பாதிச் சூடு காற்றோடு போகிறது. மூன்று கல் விறகடுப்பில் பத்தில் ஒரு பங்கு பானைக்குள் போனாலே பெரிய காரியம்.

இந்த வீதங்களை ரூபாவாக்கிப் பார்த்தேன். ஒரு 12.5 கிலோ சிலிண்டர் செய்யும் வேலைக்கு இன்பிராரெட் அடுப்பு ஏறத்தாழ 110 அலகு எடுக்கும். 2025 இல் நீண்டகாலம் சிலிண்டர் 3,690 ரூபாவாக இருந்தது. நாளுக்கு இரண்டு அலகு வீதம், மாதம் 60 அலகைச் சமையலுக்குச் செலவிட்டால் அது பாதிச் சிலிண்டருக்குச் சற்று மேல். எரிவாயுக் கணக்கில் 2,000 ரூபா. மின்கணக்கில்? ஏற்கெனவே 40 அலகு பாவித்து 425 ரூபா கட்டும் வீடு 100 அலகுக்குப் போகிறது. பட்டியல் 2,560. கூடுதல் செலவு 2,135 ரூபா. எரிவாயுவை விட மின்சாரம் மலிவு என்று கடைக்காரர் சொல்வது இந்த வீட்டுக்குப் பொருந்தாது. 2025 இல் இருந்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் அந்த மேலதிகம் ஒன்றரை நாளுக்கும் கூடிய உழைப்பு. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட, அரசின் 200 ரூபா ஊக்கத்தொகையும் சேர்ந்த 1,750 ரூபாவில் பார்த்தாலும் ஒரு நாளுக்கு மேல்.

ஆனால் அதே வீடு சமையலுக்கு மாதம் 15 அலகு மட்டும் செலவிட்டால் மொத்தம் 55 அலகு, பட்டியல் 545 ரூபா. கூடுவது வெறும் 120 ரூபா. நாளுக்கு அரை அலகு. காலையில் தேத்தண்ணிக்குக் கொதிக்கவைக்கவும் பிள்ளைக்குப் பால் காய்ச்சவும் முதல்நாள் கறியைச் சூடாக்கவும் அது போதும். ஐந்து மணிக்கு எழுந்து ஈர விறகோடு மல்லுக்கட்டி, சமைத்து, பிள்ளையைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தி, கொழுந்துக்கு ஓடும் பெண்ணுக்கு அந்த 120 ரூபாவில் கிடைப்பது அரை மணித்தியால நித்திரை. இந்தக் கணக்கை எந்த நிபுணரும் இங்கு வந்து சொல்லிக்கொடுக்கவில்லை. பெண்கள் தாங்களாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"மகன் வாங்கியாந்து குடுத்தான் தம்பி. நான் அதுல காலயில தேத்தண்ணி மட்டுந்தான் போடுறது. ரொட்டிய அதுல சுட்டா பில்லு ஏறிரும்," என்றார் ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர். அவருடைய இஸ்தோப்பின் ஓரத்தில் மிலாறு கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது.

கவாத்து வெட்டிய தேயிலையின் காய்ந்த கிளைதான் மிலாறு. வடக்கிலுள்ள வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அதைப் பொறுக்கித் தலையில் சுமந்துவருவது சம்பளமில்லாத இரண்டாவது வேலை. குளவிக்கும் அட்டைக்கும் பயந்து, மழைக்கு முன் வீடு சேரவேண்டும். விறகு இலவசம் என்று சொல்பவர்கள் இந்த நேரத்துக்கு விலை போடுவதில்லை. புகைபோக்கி இல்லாத லயக் காம்பிராவில் அந்தப் புகை முழுக்கப் பெண்ணின் நெஞ்சுக்குள்ளும் அருகில் தவழும் குழந்தையின் நெஞ்சுக்குள்ளும் போகிறது. வீட்டுக்குள் எரியும் அடுப்புகளின் மாசினால் 2020 இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. கண்ணாடி அடுப்பின் பக்கம் பேசுவதற்கு இதைவிடப் பெரிய வாதம் எனக்குத் தெரியவில்லை.

இருந்தும் விறகடுப்பை அணைத்துவிடு என்று டயகமவில் யாரிடமும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கே அடுப்பு சமையலுக்கு மட்டுமானதல்ல. நனைந்த படங்கும் பிள்ளைகளின் சப்பாத்தும் காய்வது அதன் மேல்தான். குளிக்க வெந்நீர் வைப்பது அதில். மாரியில் முழு வீடும் சூடு காய்வதும் அதைச் சுற்றித்தான். இன்பிராரெட் அடுப்பு பானைக்குத்தான் சூடு தரும், வீட்டுக்குத் தராது. இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. உயரம் இன்னொரு சங்கதி. இங்கே தண்ணீர் 95 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடுவதால் பருப்பும் கடலையும் வேகக் கூடுதல் நேரம் எடுக்கும். கொழும்புக் கணக்கில் ஓர் அலகு எடுக்கும் சமையல் இங்கே அதற்குள் அடங்காது. பிரஷர் குக்கர் உள்ள வீடு இந்த இடத்தில் தப்பிக்கொள்கிறது.

ரொட்டிக்கும் கண்ணாடிக்கும் ஒத்துவருவதில்லை. தட்டையான தகடு என்றால் இன்பிராரெட்டில் சுடலாம், நேரம்தான் போகும். குழிவான தாச்சி நடுவில் மட்டும் தொட்டுக்கொண்டு ஆடும். விறகடுப்பில் கரி பிடித்த பானையை அப்படியே தூக்கிக் கண்ணாடியில் வைத்தால் கரி எரிந்து படிந்துவிடும். இரண்டு அடுப்பும் உள்ள வீடுகளில் கண்ணாடி சீக்கிரம் பாழாவதற்கு முதல் காரணம் இதுவே. பானையை இழுக்காமல் தூக்கி வைக்கவேண்டும். சீனிப்பாகு சிந்தினால் ஆறவிடாமல் கவனமாகச் சுரண்டவேண்டும், ஆறினால் கண்ணாடியையே பெயர்த்துக்கொண்டு வரும். அணைத்த பின்னும் இன்பிராரெட் தட்டு நெடுநேரம் சுடும். நெருப்பு தெரிந்தால் குழந்தை விலகும். சிவப்பு மறைந்த கறுப்புக் கண்ணாடியைக் குழந்தை தொடும். கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டால் ஒரு நாள்கூடப் பாவிக்கக் கூடாது. கீழே இருப்பது மின்சாரம். மேலே பொங்கி வழிவது தண்ணீர்.

இவையெல்லாம் வீட்டுக்காரர் கவனமாக இருந்தால் சமாளிக்கக்கூடியவை. அவர் கையில் இல்லாதது வயர்.

2,000 வாட் அடுப்பு ஒன்று இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 9 அம்பியர். லயங்களில் பல காம்பிராக்களுக்கு வயர் இழுத்தது ஒரு மின்குமிழுக்கும் ஒரு வானொலிக்கும். அந்த 5 அம்பியர் பிளக்கில்தான் இப்போது தொலைக்காட்சி, தொலைபேசி, அடுப்பு எல்லாம் தொங்குகின்றன. பக்கத்துக் காம்பிராவுக்கு இங்கிருந்தே இழுத்த வயரையும் பார்த்தேன். அப்படிப் பகிரும் வீடுகளில் இரண்டு குடும்பத்தின் பாவனையும் ஒரே மானியில் ஏறி, அறுபதாவது அலகு மாதத்தின் பாதியிலேயே கடந்துபோகும். லயன் குடியிருப்பில் தீ என்ற செய்தியை எழுதாத மலையக நிருபர் இல்லை. "மின்னொழுக்கே காரணம் எனச் சந்தேகிக்கப்படுகிறது" என்ற வரியையும் நாங்கள் மனப்பாடமாகவே எழுதுகிறோம். ஒரே கூரையின் கீழ் பத்து இருபது குடும்பங்கள் வாழும் இடத்தில் ஒரு வீட்டின் பிளக் எல்லோருடைய பிளக்கும்தான். 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி இந்திய வீட்டுத்திட்ட வீடு கிடைத்தவர்களுக்குத் தனி மானியும் தனி வயரும் உண்டு. லயத்தில் இருப்பவருக்கோ வீடும் சொந்தமில்லை, சுவரும் சொந்தமில்லை. வயர் மாற்றுவது யார் பொறுப்பு என்று கேட்டால் தோட்ட நிர்வாகம் ஒரு பக்கம் கைகாட்டும், மின்சார சபை மறுபக்கம்.

மின்சாரத்தை மட்டும் நம்பியிருப்பதன் விலையையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுக்க இருட்டு. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டியபோது பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை, பாதையும் இல்லை. அந்த நாட்களில் சோறு பொங்கியது மிலாறுதான்.

இதை வாசிக்கும் வடக்கு, வன்னி உறவுகளுக்கு இருட்டில் சமைப்பது புதிதல்ல. ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை அது. தேசிய மின்கட்டமைப்பின் மின்சாரத்தை யாழ்ப்பாணத்தில் "லக்சபான கரண்ட்" என்றே பலகாலம் சொன்னார்கள். அந்த லக்சபான இந்த மலைகளில், 1950 இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையம். 1977 இலும் 1983 இலும் இந்தத் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்குப் போனவர்கள், தாங்கள் விட்டுப்போன ஆற்றின் மின்சாரம் அங்கும் எட்டாமல் பல வருடங்கள் இருந்தார்கள். டயகமவின் ஆறு அக்ரா ஓயா. கீழே இறங்கிக் கொத்மலை ஓயாவாகி, தலவாக்கலை அணையில் தேங்கி, 2012 இல் திறக்கப்பட்ட 150 மெகாவாட் மேல் கொத்மலை மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. டயகமவின் மழை கொழும்பின் கண்ணாடி அடுப்புகளை எரிக்கிறது என்று சொன்னால் அது அலங்காரப் பேச்சல்ல.

என் நிலைப்பாடு இதுதான். இப்போதைய வயரும் கட்டணமும் இருக்கும்வரை டயகமவுக்குக் கண்ணாடி அடுப்பு இரண்டாவது அடுப்பு. காலை நேரத்து அடுப்பு. 13 அம்பியர் பிளக்கும் வேலை செய்யும் ட்ரிப் சுவிட்சும் இல்லாத வீட்டில் அதுவும் வேண்டாம். மானி வாசிக்க வரும் நாளைக் குறித்துவைத்து, கிழமைக்கு ஒருமுறை இலக்கத்தைப் பார்ப்பவர் அறுபதுக்குள் நிற்கலாம். முழுச் சமையலும் மின்சாரத்துக்கு மாறவேண்டும் என்று அரசு உண்மையாகவே விரும்பினால், லயங்களின் வயரை மாற்றி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மானி தந்து, சமையலுக்கென்று மாதம் குறிப்பிட்ட அலகை அந்த அறுபதின் கணக்கில் சேர்க்காமல் விடவேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சில் இதை ஒரு வரியாகக்கூட எழுப்பி நான் கேட்டதில்லை.

கட்டணத் திருத்த யோசனை வரும்போதெல்லாம் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. எழுத்திலும் கொடுக்கலாம், மாகாணங்களில் நடக்கும் அமர்வுகளில் நேரிலும் பேசலாம். அறுபதாவது அலகைப் பற்றித் தமிழிலேயே எழுதி அனுப்பலாம்.