லேப்டாப் மேல் தப்பில்லை… 'மேட்பிளாட்லிப்' அடம்பிடித்தால் என்ன செய்யலாம்?

பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தின் கடைசிப் பாடம், 16-வது. பைதான் மொழியில் கோட்டு வரைபடம், பட்டை வரைபடம், வட்ட வரைபடம் போடுவது எப்படி என்று சொல்லித்தருகிறது. புரோகிராம் மொத்தமே ஆறேழு வரிதான். பள்ளிக்கூட லேப்பில் அழகாக வட்டம் வந்து நிற்கும். அதே வரிகளை வீட்டு லேப்டாப்பில் அடித்து ஓடவிட்டால் வட்டம் வராது. சிவப்பு எழுத்தில் நாலைந்து வரி வரும். கடைசி வரியில், 'நோ மாட்யூல் நேம்டு மேட்பிளாட்லிப்' என்று இருக்கும்.

அதற்குப் பிறகு பல வீடுகளில் ஒரே கதைதான். "லேப்டாப் பழசாயிடுச்சு" என்று ஒருவர் ஆரம்பிப்பார். தெருமுனை சர்வீஸ் கடைக்குப் போனால், "ஃபார்மேட் பண்ணிடலாம் சார்" என்பார்கள். ஃபார்மேட் பண்ணினால் காசு போகும், கல்யாண போட்டோக்கள் போகும், சிவப்பு எழுத்து மட்டும் போகாது. ஏனென்றால் கோளாறு லேப்டாப்பில் இல்லை. இதைவிட மோசமானது, "நமக்கு கோடிங் எல்லாம் வராதும்மா" என்று பிள்ளை அந்த ஒரு ராத்திரியில் முடிவு கட்டிவிடுவது. புரோகிராமில் ஒரு புள்ளி தப்பில்லாமல் எழுதிய பிள்ளையாகக்கூட இருக்கும்.

அந்தச் சிவப்பு வரி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: 'நீ கேட்ட பொருள் என்னிடம் இல்லை.' பைதானின் சொந்தத் தளத்திலிருந்து பைதானை இறக்கினால், மேட்பிளாட்லிப் கூடவே வராது. மிக்ஸி வாங்கினால் ஜூஸ் ஜார் தனியாக வாங்குவது போல, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஆனால் காசு கிடையாது, முழுக்க இலவசம். துணைக்கு வருபவற்றையும் சேர்த்தால் சில பத்து எம்.பி.தான்; ஒருநாள் மொபைல் டேட்டாவிலேயே அடங்கிவிடும்.

மூன்று அம்புக்குறி தெரிந்தால் அது தப்பான இடம்!

இனி வரும் கட்டளைகள் படிக்க வசதியாகத் தமிழ் ஒலிப்பில் உள்ளன. தட்டும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் தட்ட வேண்டும்.

விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'சிஎம்டி' என மூன்று எழுத்தைத் தட்டினால் கறுப்புத் திரை ஒன்று திறக்கும். சேர்க்கும் வேலை அங்கேதான். பலர் பைதானுக்குள்ளேயே, அந்த மூன்று அம்புக்குறிக்குப் பக்கத்தில், 'பிப் இன்ஸ்டால்' என்று தட்டிவிட்டு 'சின்டாக்ஸ் எரர்' வாங்கிக்கொள்கிறார்கள். மூன்று அம்புக்குறி இருக்கும் இடம் புரோகிராம் எழுதுவதற்கு. கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவதற்கு இல்லை.

கறுப்புத் திரையில் தட்ட வேண்டியது: 'பை' (பி, ஒய் என்ற இரண்டே எழுத்து), ஓர் இடைவெளி, மைனஸ் குறியோடு ஒட்டியபடி 'எம்', மறுபடி இடைவெளி, பிறகு 'பிப் இன்ஸ்டால் மேட்பிளாட்லிப்'. என்டர் தட்டியதும் வரிவரியாக ஏதோ ஓடி, முடிவில் 'சக்ஸஸ்ஃபுல்லி இன்ஸ்டால்டு' என்று வந்தால் சேர்ந்துவிட்டது. 'பை' வேலை செய்யாவிட்டால் அந்த இடத்தில் முழுதாக 'பைதான்' என்று தட்டிப் பார்க்கலாம். அப்படித் தட்டும்போது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொண்டு நின்றால், பைதான் எங்கே இருக்கிறது என்பது விண்டோஸுக்குத் தெரியவில்லை என்று பொருள். பைதானை நீக்கிவிட்டு இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி, முதல் திரையின் அடியில் இருக்கும் 'ஆட் பைதான் டு பாத்' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். கண்ணில் படாத ஓரத்தில் இருப்பதால் பாதிப் பேர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இதெல்லாம் செய்தும் அதே சிவப்பு வரி வருகிறதா? பெரும்பாலானவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இதுதான். 'சக்ஸஸ்ஃபுல்லி இன்ஸ்டால்டு' என்று ஒரு பக்கம் சொல்கிறது, 'இல்லவே இல்லை' என்று இன்னொரு பக்கம் சொல்கிறது. இரண்டுமே பொய் இல்லை.

ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு வீடுகள் இருந்தால் கூரியர்காரர் என்ன செய்வார்? ஏதோ ஒரு வீட்டில் பார்சலைக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். மற்ற வீட்டில், "எங்களுக்கு வரவே இல்லையே" என்பார்கள். வீட்டு லேப்டாப்பிலும் அப்படித்தான் இரண்டு பைதான் இருக்கும். அக்கா காலேஜில் படிக்கும்போது போட்டது ஒன்று, தம்பிக்காக இந்த வருடம் போட்டது ஒன்று. மேட்பிளாட்லிப் ஒன்றுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். புரோகிராம் இன்னொன்றில் ஓடும்.

எந்த வீடு என்று கண்டுபிடிக்க இரண்டு வரி போதும். புரோகிராம் எழுதும் இடத்திலேயே முதல் வரியாக 'இம்போர்ட் சிஸ்', அடுத்த வரியில் 'பிரிண்ட்' போட்டு அடைப்புக்குறிக்குள் 'சிஸ் புள்ளி எக்ஸிகியூட்டபிள்'. ஓட்டினால், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பைதானின் முழு முகவரி வரும். அதை அப்படியே காப்பி செய்து, இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்துக் கறுப்புத் திரையில் ஒட்டி, பின்னால் அதே மைனஸ் எம், 'பிப் இன்ஸ்டால் மேட்பிளாட்லிப்' சேர்த்தால், பார்சல் சரியான வாசலுக்குப் போகும். ஒரு சின்ன விஷயம்: பைதானோடு வரும் 'ஐடில்' ஜன்னலில் பார்த்தால் முகவரியின் முடிவில் 'பைதான்டபிள்யூ' என்று இருக்கலாம். ஒட்டும்போது அந்த 'டபிள்யூ' ஒரே எழுத்தை மட்டும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் திரையில் எதுவுமே தெரியாது.

விஎஸ் கோட் பயன்படுத்துபவர்களுக்கு இவ்வளவு சுற்று வேண்டாம். பைதான் ஃபைல் திறந்திருக்கும்போது கீழே வலது ஓரத்தில் பைதான் பதிப்பு எண் தெரியும். அதைத் தொட்டால், லேப்டாப்பில் இருக்கும் எல்லா பைதானும் வரிசையாக வந்து நிற்கும். சரியானதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

இன்னொரு வேடிக்கையும் நடக்கும். எழுதிய புரோகிராமையே 'மேட்பிளாட்லிப்' என்ற பெயரில் சேமித்துவிடுவார்கள். பாடத்தின் பெயர் அதுதானே! ஆனால் பைதான் எதைத் தேடினாலும் முதலில் அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரில்தான் தேடும். அசல் மேட்பிளாட்லிப்பை விட்டுவிட்டு, பிள்ளை எழுதிய ஆறு வரியையே எடுத்துக்கொண்டு, 'இது பேக்கேஜ் இல்லையே' என்று புலம்பும். ஃபைல் பெயரை 'பயிற்சி1' மாதிரி மாற்றினால் போதும்.

ஒரு சாவி, பல பேர்

இத்தனை சிரமப்படுத்தும் இந்த மேட்பிளாட்லிப்பை உருவாக்கியவர் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர் இல்லை. ஜான் ஹன்டர் என்ற அமெரிக்க நரம்பியல் ஆராய்ச்சியாளர். வலிப்பு நோயாளிகளின் மூளையில் பதிவாகும் மின் அலைகளைத் திரையில் வரைந்து பார்க்க வேண்டிய வேலை அவருக்கு. அவர் இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அதற்கு ஒரு விலை கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேர் இருந்தது. ஆனால் அதைத் திறக்க, கம்ப்யூட்டரில் செருகும் சாவி போன்ற ஒரு கருவி வேண்டும். மாணவர்கள், ஆராய்ச்சியாளர்கள் என எல்லோரும் அதை மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டியிருந்தது. அந்த இடைஞ்சலிலிருந்துதான், அப்போது விஞ்ஞானிகளிடம் பிரபலமாக இருந்த 'மேட்லேப்' போலவே வரையக்கூடிய ஒன்றை அவர் பைதானில் எழுத ஆரம்பித்தார். 2003-ல் முதல் பதிப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். பெயரில் 'மேட்' ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

2012 ஜூலையில், அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த 'சைபை' மாநாட்டில் மேட்பிளாட்லிப் பற்றி ஹன்டர் சிறப்புரை ஆற்றினார். அதன்பிறகு புற்றுநோய் என்று தெரியவந்தது. சிகிச்சையில் ஏற்பட்ட சிக்கல்களால் ஆகஸ்ட் 28-ம் தேதி காலமானார். வயது 44, மனைவியும் மூன்று மகள்களும் இருந்தனர். அவர் போனபிறகும் வேலை நிற்கவில்லை. உலகம் முழுக்க இருக்கும் தன்னார்வலர்கள் இன்றுவரை திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். 2019 ஏப்ரலில் வெளியான முதல் கருந்துளைப் படத்துக்கான வேலையில் பயன்பட்ட கருவிகளில் மேட்பிளாட்லிப்பும் ஒன்று. அதேதான் பிளஸ் டூ பிள்ளையின் வட்ட வரைபடத்தையும் வரைகிறது.

'மேட்' என்று அழுத்திச் சொல்ல இன்னொரு காரணம் உண்டு. கணக்கு சம்பந்தப்பட்டது என்று நினைத்து 'மேத்பிளாட்லிப்' எனத் தட்டுபவர்கள் அதிகம். 'பிப்' பொருட்களை எடுத்துவரும் 'பைபிஐ' என்ற பொதுக் கிடங்கில் யாரும் எதையும் வைக்கலாம் என்பதால், பிரபலமான பெயர்களில் ஓர் எழுத்தை மாற்றி, திருட்டு புரோகிராம்களை வைத்துவிட்டுக் காத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். 2024 மார்ச்சில் இந்தத் தொல்லை அளவுக்கு மீறிப்போய், புதியவர்கள் பதிவு செய்வதையே அந்தக் கிடங்கு தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருந்தது. அப்பாவின் நெட் பேங்கிங்கும் அதே லேப்டாப்பில்தான் நடக்கிறது என்றால், என்டர் தட்டுவதற்கு முன் எழுத்தை ஒருமுறை கூட்டிப் படிப்பது நல்லது.

பாக்கெட் மாவா, அரைக்கணுமா?

சில சமயம் சிவப்பு எழுத்து நாலு வரியோடு நிற்காது. பக்கம் பக்கமாக ஓடும். இறுதியில் 'மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் தேவை' என்று முடியும். உடனே அதைத் தேடிப்போய்ப் பல ஜி.பி. இறக்கத் தேவையில்லை.

மேட்பிளாட்லிப் இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று, பாக்கெட் இட்லி மாவு போல, எடுத்து ஊற்ற வேண்டியதுதான். மற்றது அரிசியும் உளுந்துமாக வரும். ஊறவைத்து அரைக்க வீட்டில் கிரைண்டர் வேண்டும். அந்த விஷுவல் சி பிளஸ் பிளஸ்தான் கிரைண்டர். ஒவ்வொரு வருடமும் அக்டோபரில் பைதான் புதுப் பதிப்பு வருகிறது. அதற்கான பாக்கெட் மாவு கடைக்கு வருவதற்குள் இன்ஸ்டால் செய்தால் அரிசிதான் கையில் கிடைக்கும். முந்தைய ஆண்டின் பைதானைப் போட்டால் பிரச்னை அங்கேயே தீரும். பாடப்புத்தகத்துப் புரோகிராமுக்கு இந்த வருடத்துப் பைதான்தான் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 32 பிட் பைதான் போட்டிருந்தாலும் இதே சிக்கல் வரலாம். 64 பிட் லேப்டாப் என்றால் 64 பிட் பைதானே சரி.

விண்டோஸ் 7 லேப்டாப்களில் பைதான் 3.8-க்கு மேல் ஏறாது. அதற்கு மேட்பிளாட்லிப் 3.7 வரைதான் பொருந்தும். பொருத்தமானதை 'பிப்' தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். பழைய லேப்டாப் என்பதற்காகப் புதிது வாங்க வேண்டியதில்லை.

உபுன்டு வைத்திருப்பவர்களுக்கு, 2023-க்குப் பிந்தைய பதிப்புகளில் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' என்று தடை வரும். 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் பைதான்3-மேட்பிளாட்லிப்' என்றால் வேலை முடிந்தது.

எந்தச் சிவப்பும் இல்லை, ஆனால் படமும் இல்லை என்றால்? கடைசியில் 'ஷோ' என்ற வரி விட்டுப்போயிருக்கும். படத்தை ஃபைலாகச் சேமிக்கும் 'சேவ்ஃபிக்' வரியை 'ஷோ'வுக்குப் பின்னால் எழுதினால் வெள்ளைத்தாள்தான் சேமிக்கப்படும். முன்னால் எழுத வேண்டும்.

லேப்டாப்பே இல்லாத வீட்டில் ஃபோன் போதும். கூகுள் கோலேப் பக்கத்தில் மேட்பிளாட்லிப் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. ஜிமெயில் கணக்கும் இன்டர்நெட்டும் இருந்தால் அங்கேயே எழுதி, அங்கேயே வட்டம் பார்க்கலாம். கீபோர்டு சின்னதாக இருப்பதுதான் கஷ்டம்.

தமிழில் தலைப்பு வைத்தால்…

எல்லாம் சரியான பிறகு ஓர் ஆசை வரும். வரைபடத்துக்கு மேலே 'மதிப்பெண்கள்' என்று தமிழில் தலைப்பு வைத்தால் வரிசையாகக் கட்டம் கட்டமாக வரும்; 'கிளிஃப் மிஸ்ஸிங்' என்று எச்சரிக்கையும் வரும். மேட்பிளாட்லிப் தன்னோடு கொண்டுவரும் 'டெஜாவூ சான்ஸ்' எழுத்துருவில் தமிழ் இல்லை என்பதே காரணம். விண்டோஸில் இருக்கும் 'நிர்மலா யூஐ' எழுத்துருவைப் பயன்படுத்தும்படி சொன்னால் கட்டங்கள் மறைந்து தமிழ் வரும்.

ஆனால் அந்தத் தமிழைப் படிக்கும்போதுதான் நெருடும். பெரும்பாலோரிடம் இருக்கும் பதிப்புகளில், 'பெ' என்ற எழுத்தின் கொம்பு முன்னால் நிற்காமல் 'ப'வுக்குப் பின்னால் போய் நிற்கும். 'மு', 'கு' போன்றவையும் சேர்ந்து ஓர் எழுத்தாகாமல் துண்டாகத் தெரியும். கம்ப்யூட்டர் உள்ளே எழுத்தை முதலிலும் கொம்பை அடுத்ததாகவும் வைத்திருக்கும். திரையில் காட்டும்போது வரிசையை மாற்றிச் சேர்த்துக் காட்ட ஒரு தனி வேலை தேவை. இந்தப் பதிப்புகளில் அந்த வேலை நடப்பதில்லை. இந்தியும் இதே அவதிதான் படுகிறது. ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்து வளர்ந்த கருவி என்பது இங்கே அப்பட்டமாகத் தெரிந்துவிடுகிறது.

'எம்பிஎல்கைரோ' என்ற துணைக் கருவியைச் சேர்த்தால் தமிழ் ஒழுங்காக வரும். ஆனால் அதை நிறுவுவது இன்னொரு ராத்திரி வேலை. ரெக்கார்டு நோட்டு நாளைக்கே வேண்டும் என்றால், தலைப்பு இல்லாமல் படத்தைச் சேமித்து, வேர்டில் ஒட்டி, தலைப்பை அங்கே தமிழில் தட்டிக்கொள்ளலாம்.