'நம்பிக்கையான ஆள்' என்றால் யார்?

"வீட்டிலிருந்தே வேலை. ஆர்வமும் உழைப்பும் உள்ளவர்கள் மட்டும் தொடர்பு கொள்ளவும். நல்ல குடும்பப் பின்னணி உள்ளவர்களுக்கு முன்னுரிமை. சம்பளம் பேசிக்கொள்ளலாம்."

இந்த மாதிரி விளம்பரம் நம் எல்லோருடைய வாட்ஸ்அப்புக்கும் ஒரு முறையாவது வந்திருக்கும். சிறு தொழில் நடத்துகிறவர்கள் விர்ச்சுவல் அசிஸ்டென்ட் தேடிப் போடுகிற விளம்பரம் இது. ஆன்லைனில் புடவை விற்பவர், மசாலாப் பொடி விற்பவர், டியூஷன் சென்டர் நடத்துபவர் என்று எல்லோருக்கும் இன்று ஒரு ஆள் தேவைப்படுகிறது. மின்னஞ்சலுக்குப் பதில் போட வேண்டும், ஆர்டரைக் குறிக்க வேண்டும், பில்லை எக்செலில் ஏற்ற வேண்டும், இன்ஸ்டாகிராமில் படம் போட வேண்டும். இதற்கு அலுவலகம் தேவையில்லை. ஒரு லேப்டாப்பும் இணையமும் இருந்தால் போதும்.

அந்த விளம்பரத்தை நிதானமாக இன்னொரு முறை படியுங்கள். சம்பளம் எவ்வளவு என்று இல்லை. எத்தனை மணி நேரம் என்று இல்லை. என்ன வேலை என்றுகூட இல்லை. எப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது.

இப்படி விளம்பரம் போடுகிறவர்கள்தான் "ஆளே கிடைக்கலை, வர்றவங்களுக்கும் ஆர்வமே இல்லை" என்று புலம்புகிறார்கள். பி.காம். முடித்து, டேலி படித்து, தட்டச்சுத் தேர்வும் எழுதிவிட்டு நம் தெருக்களில் எத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆள் பஞ்சம் இல்லை, தோழர்களே. அவர்கள் தேடுகிற வட்டத்துக்குள் நாம் இல்லை. அந்த வட்டத்துக்குப் பெயர் 'தெரிஞ்சவங்க'.

"நான் சாதியெல்லாம் பார்க்கிறதில்லை, தெரிஞ்சவங்க மூலமாத்தான் ஆள் எடுக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் முரணாகப் பேசுகிறார் என்பதே அவருக்குப் புரிவதில்லை. சாதிக்குள்ளேயே திருமணம் செய்து, சாதிக்காரர்கள் தெருவிலேயே குடியிருந்து, சாதிச் சங்கத்தின் கல்யாண மண்டபத்திலேயே விசேஷம் நடத்துகிற ஒரு சமூகத்தில் ஒருவருக்குத் 'தெரிஞ்சவங்க' யாராக இருப்பார்கள்? சாதியைப் பார்க்காமலேயே சாதிப்படி ஆள் எடுக்க முடியும். அதற்குத்தான் சிபாரிசு என்று பெயர்.

தமிழ்நாட்டில் இது இன்னும் நுட்பமாக நடக்கிறது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து விடச் சொன்னது. அது பெரிய வெற்றி, அதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் பெயரில் சாதி இல்லை என்றால் வேறு இடத்தில் தோண்டுகிறார்கள். எங்கள் பயிற்சி மையத்தில் கணினி படித்த ஒரு தங்கைக்கு இப்படி ஒரு வேலைக்காகத் தொலைபேசியில் நேர்காணல் நடந்தது. எக்செல் பற்றி ஒரு கேள்வி. அதற்குப் பிறகு, சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றார்? குலசாமி கோயில் எங்கே இருக்கு? வீட்ல சைவமா? ஜிஎஸ்டி பில் போடுவதற்கும் குலசாமிக்கும் என்ன சம்பந்தம்? "சொல்லி அனுப்புறோம்மா" என்று வைத்தார்கள். அதோடு சரி.

முகவரி ஒன்றே போதும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது. அந்தச் சொல் வெறும் முகவரியாக இருந்திருந்தால் அந்த அறிவிப்புக்கே தேவை இருந்திருக்காது.

"எல்லாம் உங்கள் கற்பனை" என்பவர்களுக்கு ஆய்வே பதில் சொல்கிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2005 அக்டோபரில் தொடங்கி 66 வாரங்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். நாளிதழ்களில் வந்த தனியார் துறை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு தலித் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. 2007-இல் இது எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வெளியானது. அதே ஆண்டு, அதே இதழில், சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் 25 மனிதவள மேலாளர்களைப் பேட்டி எடுத்து எழுதினார்கள். திறமைதான் முக்கியம் என்று சொன்ன அதே மேலாளர்கள், 'குடும்பப் பின்னணி'யைக் கேட்காமல் ஆள் எடுப்பதில்லை என்றும் சொன்னார்கள். சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இந்த இரண்டு கட்டுரைகளையும் தேடிப் படியுங்கள். வாதாடும்போது கையில் ஆதாரம் வேண்டும்.

திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் சாதி தெரியாது, வீட்டிலிருந்து வேலை என்பது எல்லோருக்கும் சமவாய்ப்பு என்று சிலர் சொன்னார்கள். தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றைப் பாருங்கள். 2017-18இல் கணினி வைத்திருந்த குடும்பங்கள் கிராமப்புறத்தில் 4.4 சதவீதம், நகர்ப்புறத்தில் 23.4 சதவீதம். இது எல்லாச் சாதிகளையும் சேர்த்த கணக்கு. "சொந்த லேப்டாப், தடையில்லாத இணையம், சத்தமில்லாத தனி அறை கட்டாயம்" என்று ஒரு வரி எழுதினால் போதும், சாதியைக் கேட்காமலேயே ஒற்றை அறைத் தொகுப்பு வீட்டில் வளர்ந்த பிள்ளையை வெளியே நிறுத்திவிடலாம். ஆலையில் வேலை கொடுப்பவர் தறியை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வரச் சொல்வதில்லை. இங்கே மட்டும் தொழிற்கருவி தொழிலாளியின் செலவாகிவிட்டது.

அடுத்து இந்த 'ஆர்வம்'. ஆர்வம் இல்லை என்று குறை சொல்பவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். சம்பளம் எந்தத் தேதியில் கொடுக்கிறீர்கள்? இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் வேலை சொன்னால் அதற்குக் கூலி உண்டா? 'ட்ரயல்' என்று வாங்கிய ஒரு வார வேலைக்குப் பணம் கொடுத்தீர்களா? நேரத்துக்குச் சம்பளம் வந்தால், வேலை நேரம் தெளிவாக இருந்தால், மரியாதையாகப் பேசினால் ஆர்வம் தானாக வரும். மூன்று மாதத்தில் ஓடிவிட்டான் என்றால், ஓடியவனை மட்டும் விசாரிக்காதீர்கள். நம் பாட்டன்மார் பண்ணையில் வாங்கிய பட்டம் 'சோம்பேறி'. பேரப்பிள்ளைகளுக்கு அதையே நாகரிகமாக 'மோட்டிவேஷன் இல்லை' என்கிறார்கள்.

நியாயமான ஒரு மறுப்பும் உண்டு. சிறு தொழில் செய்பவர் வங்கிக் கணக்கையும் பாஸ்வேர்டையும் முகம் தெரியாத ஒருவரிடம் எப்படிக் கொடுப்பார்? ஏமாந்தால் தாங்குகிற முதலீடு அவரிடம் இல்லை. இந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அதற்கு மருந்து நடைமுறைதான். பில் போடுபவருக்குப் பில் போடும் மென்பொருளில் மட்டும் அனுமதி கொடுங்கள். வங்கியில் பணம் அனுப்பும் ஓடிபி உங்கள் கைப்பேசிக்கே வரட்டும். ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதுங்கள். முதல் மாதம் சிறிய பொறுப்பு, அடுத்த மாதம் கொஞ்சம் பெரியது. உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள். கல்லாவில் கை வைத்தவர்களின் கதைகளைக் கேட்டுப் பாருங்கள், பாதிக் கதையில் மச்சானும் சித்தப்பா மகனும்தான் இருப்பார்கள். சொந்தச் சாதி என்பது நேர்மைக்கு உத்தரவாதம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இடஒதுக்கீடு அரசுப் பணியோடு நிற்கிறது. தனியார் கல்லூரிகளில் இடஒதுக்கீட்டுக்கு வழி திறக்க 2005-இல் 93ஆவது திருத்தம் கொண்டுவர முடிந்தது. தனியார் வேலைக்கு அப்படி எதுவும் வரவில்லை. தீண்டாமையின் பேரில் ஒருவரை வேலையிலிருந்து தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 4ஆவது பிரிவின்படி குற்றம். 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் இது உண்டு. ஆனால் வராத தொலைபேசி அழைப்பை எந்தக் காவல் நிலையத்தில் நிரூபிப்பது? அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அங்கே ஆள் எடுக்கும்போது சாதி பார்த்தால் நகர நிர்வாகத்திடமே புகார் கொடுக்கலாம். வேலையில் பாகுபாடு காட்டுவதற்கு எதிரான ஐஎல்ஓவின் 111ஆம் உடன்படிக்கையை இந்தியா 1960-லேயே ஏற்றுக்கொண்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், தனியார் வேலைக்கு ஆள் எடுப்பதில் சாதி பார்ப்பதை விசாரிக்க நமக்கென்று தனிச் சட்டமும் இல்லை, ஆணையமும் இல்லை. இந்தக் கோரிக்கையை மாணவர் அமைப்புகள் கையில் எடுக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை கைகட்டி இருக்கத் தேவையில்லை. பயோடேட்டாவில் முழு முகவரி, அப்பாவின் தொழில், புகைப்படம் எதுவும் வேண்டாம். ஊர் பெயரும் கைப்பேசி எண்ணும் போதும். குலசாமியைக் கேட்டால், "இது வேலைக்குத் தேவையா சார்?" என்று மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள். கேட்ட கேள்வியை, தேதியும் எண்ணும் போட்டுக் குறித்து வையுங்கள். பத்துப் பேர் குறித்து வைத்தால் அது ஆதாரம். இலவசமாக 'ட்ரயல்' செய்யாதீர்கள். வேலை கிடைத்தவர்கள் அடுத்த காலியிடத்தை முதலில் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சிபாரிசைத் திட்டிவிட்டு இதைச் சொல்வது சரியா என்று கேட்பீர்கள். கதவைப் பூட்டி வைத்திருப்பவர்கள் செய்யும் சிபாரிசும், வெளியே நிற்பவர்களுக்குச் செய்தி சொல்வதும் ஒன்றல்ல.

நம்மில் தொழில் தொடங்கியவர்களும் இருக்கிறீர்கள். நீங்களும் ஆள் எடுப்பீர்கள். சம்பளத்தை விளம்பரத்திலேயே போடுங்கள். ஒரு மணி நேர வேலை கொடுத்து, அதற்குக் கூலியும் கொடுத்து, அதைப் பார்த்து முடிவெடுங்கள். லேப்டாப் இல்லாதவருக்கு லேப்டாப் ஏற்பாடு செய்ய முடியுமா என்று பாருங்கள். அருந்ததியரா, பறையரா, பள்ளரா என்று நமக்குள் கேட்டுக்கொண்டிருந்தால் நாமும் அதே விளம்பரத்தைத்தான் வேறு எழுத்தில் போடுகிறோம்.

வேலை என்பது யாரும் நமக்குப் போடுகிற பிச்சை அல்ல. எக்செல் தெரியுமா என்று கேளுங்கள், தெரிந்தால் வேலை கொடுங்கள். குலசாமி கோயில் எங்கே என்று தெரிந்துதான் ஆக வேண்டும் என்றால், ஆள் கிடைக்கவில்லை என்று மட்டும் புலம்பாதீர்கள்.