மருந்து வந்துவிட்டது, செய்தி போய்ச் சேர்ந்ததா?

புதிய மருந்தொன்று கண்டுபிடிக்கப்பட்டால் அது முதற்பக்கச் செய்தியாகிறது. அதனை எப்போது கொடுக்கவேண்டும் என்ற அறிவு, தூரத்து வைத்தியசாலையில் இரவுக் கடமையிலிருக்கும் வைத்தியரைச் சென்றடைந்ததா என்பது செய்தியாவதில்லை. நீண்டகாலம் பத்திரிகைத் துறையில் இருந்த எனக்கும் இக்குறையில் பங்குண்டு.

ஏ.பி.எல். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். முரசில் இரத்தக் கசிவு, தோலில் கன்றிய அடையாளங்கள் என்று ஆரம்பிக்கும் இந்நோய், மூளையில் ஏற்படும் இரத்தப்பெருக்கினால் சில நாட்களிலேயே உயிரைப் பறித்துவிடக்கூடியது. 1980களில் ஷங்காய் நகரில் வாங் சென்யி என்ற வைத்தியரின் குழுவினர், விற்றமின் ஏயுடன் தொடர்புடைய 'அட்ரா' என்ற மருந்தினால் இதனைக் கட்டுப்படுத்தலாம் எனக் காட்டினர். ஆர்சனிக்கின் பயனையும் சீன வைத்தியர்களே நிறுவினர். இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், ஆபத்து மிகாத நோயாளருக்கு வழமையான கீமோதெரபியே தேவையில்லை என்பதை 2013இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு நிரூபித்தது. இன்று இது பெரும்பாலானோருக்குக் குணமாகும் நோய்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சந்தேகம் எழுந்தவுடனேயே, மரபணுப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திராமல், அட்ராவைத் தொடங்கிவிடவேண்டும். முதலிற் பார்க்கும் வைத்தியர் இதனை அறிந்திராவிட்டால், நோயாளி தலைநகரிலுள்ள நிபுணரிடம் போய்ச்சேர்வதற்குள் காலம் கடந்துவிடும்.

பிறேசிலின் அனுபவம் இதற்குச் சான்று. 2007இல் அங்கிருந்து வெளியான ஆய்வின்படி, அட்ரா கிடைத்த நிலையிலும் ஏ.பி.எல். நோயாளருள் 32 சதவீதமானோர் சிகிச்சையின் முதற்கட்டத்திலேயே இறந்தனர். பின்னர் பிறேசில், மெக்ஸிக்கோ, சிலி, உருகுவே ஆகிய நாடுகளின் வைத்தியர்கள் ஒரு வலையமைப்பாக இணைந்தனர். வெளிநாட்டு நிபுணர்களுடன் ஒழுங்காகக் கலந்துரையாடினர். கைக்கெட்டும் விலையிலுள்ள மருந்துகளைக் கொண்டே ஒரு பொதுச் சிகிச்சை நெறியை வகுத்தனர். 2013இல் வெளியான பெறுபேற்றில் அந்த 32 சதவீதம் 15ஆகக் குறைந்திருந்தது. புதிய மருந்தொன்றும் வரவில்லை. அறிவு வந்தது, அவ்வளவுதான்.

வைத்தியர்களுக்கு அறிவூட்டும் பணியை மருந்துக் கம்பனிகளிடம் விட்டுவிடுவது இலகுவான வழி. ஆனால் விலையுயர்ந்த புதிய மருந்துக்குத்தான் பையைத் தூக்கிக்கொண்டு பிரதிநிதி வருவார். பழைய அட்ராவுக்காகப் பேச யார் வரப்போகிறார்? ஆகவே இப்பொறுப்பு அரசுக்கும் வைத்தியச் சங்கங்களுக்குமே உரியது. நட்சத்திர ஹோட்டலில் நடைபெறும் மாநாடு மட்டும் போதாது. மாவட்ட வைத்தியசாலையின் இளம் வைத்தியருக்குக் கற்பதற்கு நேரம் ஒதுக்கப்படவேண்டும். நள்ளிரவிலும் நிபுணரொருவரைத் தொலைபேசியில் அழைக்கும் வசதி அவருக்கு வேண்டும்.

இலவச மருத்துவத்தைப் பற்றி நாம் பெருமைப்படுகிறோம், அது நியாயமே. அந்த இலவசத்தில் மருந்தும் கட்டிலும் மட்டுமல்ல, வைத்தியரின் புதுப்பிக்கப்பட்ட அறிவும் அடங்கவேண்டும். அது இல்லாதபோது அதற்கான விலையை நோயாளிதான் கொடுக்கிறார்.